செத்த வீட்டுக் கணக்கு

அன்று காலை ஐஸ் கொம்பனியில் நின்றவர்களைச் சொல்கிறேன்.

நான். யார் எந்த நேரம் வேலைக்கு வரவேண்டும் என்று முறை போடுகிறவன்.

காவல்காரர் செல்லத்துரை. அவருக்கு நாரிப்பிடிப்பு. குனிய மாட்டார்.

நசீர். கிண்ணியாவிலிருந்து வருகிறவன். ஐஸ் கட்டி இழுப்பது அவன் வேலை.

ரபீக். அவனும் கிண்ணியா. கட்டியை உடைத்துப் பெட்டியில் நிரப்புகிறவன்.

முதலாளி. வாகனத்துக்குள் இருந்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது.

ஒரு பூனை. அது சம்பளத்தில் இல்லை.

நின்றிருக்க வேண்டியவர்கள் இன்னும் ஏழு பேர். அவர்கள் வரவில்லை. வாசலில் படகுக்காரர்கள் நின்றார்கள். அவர்களை நான் எண்ணவில்லை. எண்ணினால் பயம் வரும்.

தம்பிமார், தங்கச்சிமார், நீங்கள் இப்போது முறை போடுகிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கடையோ, தங்குமிடமோ, ஐஸ் கொம்பனியோ, பத்துப் பேர் வேலை செய்கிற இடம் என்றால் எல்லாம் ஒன்றுதான். உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நேரத்தை எப்படிப் பிரிப்பது, பலகையில் எப்படிக் கோடு போடுவது என்பதெல்லாம் இப்போது போனிலேயே இருக்கிறதாம். அதை விடுகிறேன். அந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஐஸ் மெசினைப் பார்த்தவன் யோகன். லிங்கநகர்க்காரன். முதலில் அவன் மட்டும்தான் இருந்தான். பிறகு ஓர் ஆள் தேவைப்பட்டது. யோகன் மச்சானைக் கூட்டிவந்தான். இன்னோர் ஆள் தேவைப்பட்டது. மச்சான் தன் தம்பியைக் கூட்டிவந்தான். தம்பிக்குப் பிறகு பெரியம்மாவின் மகன், சித்தப்பாவின் மகன். இப்படி ஏழு பேர் ஆனார்கள். எங்கள் பக்கத்தில் ஆள் எடுப்பது இப்படித்தான். அதில் வசதி இருக்கிறது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவனே வீட்டிலிருந்து இன்னொருவனை அனுப்பிவிடுவான். சண்டை வந்தால் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வருவார்கள். முறை போடுகிறவன் கதிரையில் சாய்ந்திருக்கலாம். நான் சாய்ந்திருந்தேன்.

நசீரும் ரபீக்கும் அந்த ஏழு பேரில் சேர்த்தி இல்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமும் இல்லை. ஒரே பஸ்ஸில் வருவார்கள், அவ்வளவுதான். பஸ் பிந்தினால் இருவரும் பிந்துவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போவார்கள். முதலாளிக்கு இது கண்ணில் குத்தியது.

முதலாளி இளையவர். தகப்பன் நடத்திய கொம்பனி அவர் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான். கெட்ட மனிதர் அல்ல. அந்தத் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். ஒன்பது பேர் கூடிப்போச்சு, ஏழு பேர் காணும் என்றார். லிங்கநகர் ஆட்கள் ஒருநாளும் பிந்துவதில்லை, அவர்களை வைத்துக்கொள்வோம், மற்ற இரண்டு பேரையும் மாதக் கடைசியோடு நிற்பாட்டுவோம் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அவர்களிடம் சொல்லிவிடச் சொன்னார்.

நான் ஓம் என்றேன். மறுத்துப் பேசக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. வேலையை மட்டும் எண்ணினால் ஏழு பேர் போதும்தான். நசீருக்கு மூன்று பிள்ளைகள். ரபீக் புதிதாகக் கலியாணம் கட்டியவன். அதெல்லாம் முறைப் பலகையில் எழுதுகிற விஷயங்கள் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை.

புதன் பின்னேரம் யோகனின் தாய் இறந்துபோனார்.

யோகனுக்குத் தாய். மச்சானுக்கு மாமி. ஒருவனுக்குப் பெரியம்மா, ஒருவனுக்குச் சின்னம்மா. ஏழு பேருக்கும் உரித்து, போகாமல் இருக்க ஏலாத சொந்தம். யோகன் மெசினை நிறுத்தினான். கை கழுவினான். போனான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நான் யாரையும் மறிக்கவில்லை. அந்த நேரம் அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கிழமையாக வாடைக்காற்று. ஒரு படகும் இறங்கவில்லை. களஞ்சியம் நிறைய ஐஸ் கட்டி. வாங்கத்தான் ஆள் இல்லை.

வியாழன் விடிய, கடல் அடங்கிவிட்டது.

ஒரு கிழமை வீட்டில் இருந்தவன் கடல் அடங்கினால் எப்படி வருவான் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். இலங்கைத்துறைக்கு ஐஸ் கொண்டுபோகிற லொறியும் வந்தது. ஐஸ் இல்லாமல் படகு இறங்காது. இன்று ஐஸ் கொடுக்காவிட்டால் நாளை அவர்கள் வேறிடம் தேடுவார்கள். தேடிப் பழகினால் திரும்ப வரமாட்டார்கள். முதலாளிக்கு அது தெரியும். அதுதான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருந்தார்.

நான் வாகனத்துக்குப் பக்கத்தில் போனேன். கண்ணாடி இறங்கியது.

"எல்லாரும் ஒரு செத்த வீட்டுக்கோ?"

"ஓம்."

"ஏழு பேருமோ?"

"ஓம்."

"ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளோ செத்தது?"

"ஒரு ஆள்தான்."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னை லிங்கநகருக்குப் போகச் சொன்னார். யோகனை அரை மணித்தியாலம் கூட்டிவந்தால் மெசினைப் போட்டுவிட்டுப் போகலாம், மற்றவர்களில் இரண்டு பேரைப் பின்னேரம் வரை மறித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும், யோகன்தான் இளையவன் என்று சொன்னேன். அவர் யோகனை விட்டுவிட்டார். இரண்டு பேரை விடவில்லை.

நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். செத்த வீட்டு வாசலில் போய் நின்று வேலைக்கு வா என்று கூப்பிட்டால் அவன் வருவான். வெட்கத்துக்கு வருவான். கட்டியை இழுப்பான். அடுத்த மாதம் வேறு வேலை தேடிப் போய்விடுவான். நீங்கள் கூப்பிட்டது ஓர் ஆளை. இழந்தது ஏழு பேரை. இதைப் பெரிய யோசனை என்று சொல்லவில்லை. அந்த வாசலில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. பிறகுதான் காரணம் யோசித்தேன்.

அடுத்ததாக முதலாளி நசீரைக் கொண்டு மெசினைப் போடச் சொன்னார்.

"அவன் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதானே நிக்கிறான்."

"நானும்தான் கப்பலை ஒவ்வொரு நாளும் பாக்கிறன்" என்றேன்.

அந்த மெசினுக்குள் இருக்கிற காற்று கசிந்தால் கடைத்தெருவே கண்ணைக் கசக்கும். பழகாதவன் கையில் கொடுக்கிற சாமான் அல்ல. களஞ்சியத்தில் இருக்கிறதைக் கொடுப்போம், முடிந்தால் முடிந்தது என்றேன். அவசர நேரத்தில் புதிய வேலை ஒன்றைத் தொடங்காதீர்கள். கையில் இருக்கிற வேலையை முடிக்கப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நசீர் இழுத்தான். ரபீக் உடைத்தான். நான் படகுக்காரர்களை வரிசையில் விட்டேன். தூரக் கடலுக்குப் போகிறவனுக்கு முழுதாக, கரையோரம் வலை போடுகிறவனுக்குப் பாதி. ஏசினார்கள். ஏசுகிறவன் நிற்பான். ஏசாதவன்தான் போய்விடுவான். ஆகவே ஏச விட்டேன்.

எட்டரை மணி இருக்கும். நசீர் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணன், நானும் ஒருக்காப் போகணும்."

"எங்க?"

"யோகன்ட வீட்டுக்கு."

நான் வாசலைக் காட்டினேன். அவனும் வாசலைப் பார்த்தான். படகுக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள்.

"என்ட வாப்பா மௌத்தான அண்டைக்கு யோகன்ட அம்மா விடியவே வந்துட்டா" என்றான். "எங்கட உம்மாக்குப் பக்கத்திலயே இருந்தா. பின்னேரம்தான் போனா. இண்டைக்கு நான் போகாம வீட்ட போனா உம்மா கதவு திறக்கமாட்டா."

நான் களஞ்சியத்தில் மிச்சமிருந்த கட்டிகளைப் பார்த்தேன்.

"எப்பிடியும் எங்களை நிப்பாட்டத்தானே போறீங்களாம்" என்றான். நான் சொல்லாத கதை எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் பிந்திவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். "நிப்பாட்டுற ஆள் ஒரு மணித்தியாலம் போயிட்டு வந்தா என்ன?"

வாகனக் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. முதலாளி வெளியே வந்தார். இப்போது போகிறவன் திரும்பி வரத் தேவையில்லை என்று என்னிடம் சொன்னார். நசீருக்குக் கேட்கத்தான் சொன்னார்.

ரபீக்கும் வேலையை நிறுத்திவிட்டான். அவனும் போகத்தான் நினைத்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். ஒரு பக்கம் வேலை. ஒரு பக்கம் முதலாளி. நடுவில் ஒருவன் சரியானதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். யோசிக்க நேரம் இருக்காது. அப்போது யார் சரி என்று பார்க்காதீர்கள். எல்லாரும் ஓரளவு சரியாகத்தான் இருப்பார்கள். நேரத்தைப் பாதியாகப் பிரிக்க ஏலுமா என்று பாருங்கள். முறை போடுகிறவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

"நீ இப்ப போ" என்றேன். "நீ வந்த பிறகு ரபீக் போவான்."

"அப்ப இங்க ஆர் இழுக்கிறது?" என்று முதலாளி கேட்டார்.

"நீங்களும் நானும்."

செல்லத்துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நசீர் கொக்கியை முதலாளியிடம் நீட்டினான். கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நீட்டினான். முதலாளி சப்பாத்தைக் கழற்றி வாகனத்துக்குள் வைத்தார். கதவைப் பூட்டினார். வந்து கொக்கியை வாங்கினார்.

ஐஸ் கட்டி இழுப்பது பார்க்க லேசு. கொக்கியைக் குத்துகிற இடம் பிழைத்தால் கட்டி நாம் நினைத்த பக்கம் போகாது. முதலாளியின் முதல் கட்டி பூனை இருந்த பக்கம் போனது. பூனை எழும்பி மதில்மேல் ஏறியது. அன்று முழுதும் இறங்கவில்லை. இரண்டாவது கட்டி வாசல்வரை வந்தது. அங்கே நின்ற லொறிச் சாரதி என்னைப் பார்த்துக் கேட்டான்.

"புது ஆள் எடுத்திருக்கிறீங்கள்போல?"

"ஓம்."

"கொஞ்சம் மெது."

"பழகீடுவார்" என்றேன்.

முதலாளிக்கும் அது கேட்டது. மூன்றாவது கட்டிக்குப் போனார்.

ஒரு மணித்தியாலம் போனது. நசீர் வரவில்லை. முதலாளியின் உள்ளங்கை உரிந்துவிட்டது. கைலேஞ்சியைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். களஞ்சியக் கதவடியில் நின்று மூச்சு வாங்கும்போது, "அவன் வரமாட்டான் அண்ணை" என்றார். "வரத் தேவையில்லை எண்டு நான்தானே சொன்னனான். நானெண்டாலும் வரமாட்டன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. நசீர் இறங்கினான். அவன் பின்னால் யோகனின் சித்தப்பா மகனும் இன்னொருவனும் இறங்கினார்கள். இரண்டு பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே களஞ்சியத்துக்குப் போனார்கள்.

"நான் கூப்பிடல்ல அண்ணன்" என்று நசீர் முதலில் அதைத்தான் சொன்னான்.

நடந்தது இதுதான். யோகன் அவனிடம் அங்கே யார் இழுக்கிறது என்று கேட்டிருக்கிறான். முதலாளி என்று நசீர் சொல்லியிருக்கிறான். யோகன் நம்பவில்லை. நசீர் சத்தியம் பண்ணியிருக்கிறான். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்களாம். யோகன் மற்றவர்களைப் பார்த்து, "ரெண்டு பேர் போங்கோடா. அந்தாள் காலை உடைச்சுப்போடும்" என்றானாம். அவர்களில் இரண்டு பேர் எழும்பி வந்திருக்கிறார்கள். ஏற்கெனவே முகம் பார்த்துவிட்டார்களாம். தகனத்துக்கு நேரம் இருக்கிறதாம்.

நான் போய்க் கூப்பிட்டிருந்தாலும் இரண்டு பேர் வந்திருப்பார்கள். அந்த இரண்டு வேறு, இந்த இரண்டு வேறு.

பிறகு ரபீக்கை அனுப்பினேன். நானும் அவனோடு போனேன். முதலாளி போகச் சொன்னார். அவர் சப்பாத்தை இன்னும் போடவில்லை.

செத்த வீட்டில் பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் புஸ்பராணி வந்து இருந்தாள். உப்புவெளியில் ஒரு தங்குமிடத்தில் துப்புரவு வேலைக்கு ஆள் போடுகிறவள். என்னிலும் பதினைந்து வயது குறைவு. அவளிடம் வேலை செய்கிற பெண்கள் சிலர் உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இல்லாமல் தங்குமிடம் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். ஓடுகிறது என்றாள். இது விருந்தாளிகள் வராத காலமோ என்று கேட்டேன். இல்லை, அறை எல்லாம் நிறைந்திருக்கிறது என்றாள்.

"பிறகு எப்பிடி?"

"என்ர பெட்டையள் பத்துப் பேர், அண்ணை. இந்தச் செத்த வீட்டுக்கு உரித்து மூண்டு பேர்தான். மற்றவை வேற வேற வீடு." உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆளை எடுக்கேக்க நான் ஆளை எண்ணுறேல்லை. செத்த வீட்டை எண்ணுவன்."

வாசலில் பறை தொடங்கிவிட்டது. அவள் எழும்பிப் போய்விட்டாள்.

நான் அங்கேயே இருந்து என் ஆட்களை எண்ணினேன். ஒன்பது பேர். யோகன் பக்கம் ஏழு பேர், ஒரு வீடு. நசீர் ஒரு வீடு. ரபீக் ஒரு வீடு. முதலாளி சொன்ன மாதிரிச் செய்தால் ஏழு பேர் மிஞ்சுவார்கள். வீடு ஒன்றுதான் மிஞ்சும்.

திங்கட்கிழமை தேடிய காரணம் வியாழக்கிழமை கிடைத்தது.

பின்னேரம் களஞ்சியம் வெறுமையானது. கடைசிப் படகுக்குக் கட்டி இல்லை. நிலத்தில் கிடந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிக் கொடுத்தோம். அவன் ஏசிக்கொண்டே வாங்கிப் போனான். லொறி பிந்தித்தான் போனது. ஆனால் போனது.

மற்ற நாள் வெள்ளி. நான் சொல்லவேண்டிய கடைசி நாள். முதலாளி கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

"அந்த ரெண்டு பேரின்ர கதை" என்றார்.

"இன்னும் சொல்லேல்லை."

"சொல்லவேண்டாம்."

நான் அவரிடம் வீட்டுக் கணக்கைச் சொன்னேன். அவர் படித்தவர். இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யோகன் செத்த வீட்டுத் துடக்குக் கழிந்து வந்ததும் நசீரை மெசின் பழக்கச் சொன்னார். ஒரு வீட்டில் ஒரு மெசின்காரன், இன்னொரு வீட்டில் இன்னொருவன். யோகன் முதலில் முறைத்தான். பிறகு பழக்கினான். பழக்கும்போது நசீரைப் பேசின பேச்சை இங்கே எழுத ஏலாது. நசீர் நல்ல மெசின்காரனாக வந்தான்.

அதற்குப் பிறகு லிங்கநகர் ஆள் ஒருவர் வெளிநாடு போனார், இன்னொருவர் சொந்தமாகக் கடை போட்டார். அந்த இடங்களுக்கு மச்சானின் மச்சானை நான் எடுக்கவில்லை. வேறு வீட்டில் எடுத்தேன். புதிதாக வருகிறவனிடம் படிப்பைக் கேட்பதற்கு முதல், ஆருடைய செத்த வீட்டுக்கு நீ கட்டாயம் போகவேண்டும் என்று கேட்பேன். சல்லி என்கிற ஊரிலிருந்து வந்த ஒருவன் அதைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "ஆர் செத்தது?" என்றான். ஒருவரும் இல்லை, இரு என்றேன். அவனையும் எடுத்தேன்.

வேறு வேறு வீடு என்றால் பண்டிகையும் வேறு வேறு. முறை போடக் கஷ்டம் என்பீர்கள். இல்லை. பொங்கலுக்கு நசீர் நிற்பான், வெள்ளி மத்தியானம் யோகன் நிற்பான். பெருநாள்தான் கொஞ்சம் பாடு. பிறை எப்போது தெரியும் என்று ஒருவரும் சொல்ல ஏலாது. நான் பலகையில் இரண்டு முறை எழுதுவேன். பிறை கண்டால் இது, காணாவிட்டால் அது. பிறகு எல்லாரும் வெளியே போய் மேலே பார்ப்போம். யோகனுக்குத்தான் முதலில் தெரியும். அவனுக்குக் கண் நல்லம்.

முதலாளிமார் உங்களிடம் எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பார்கள். வேலையை எண்ணி ஒரு பதில் சொல்லுங்கள். வீட்டை எண்ணி இன்னொரு பதிலை உங்களிடம் வைத்திருங்கள். செத்த வீடு வருகிற நாளை ஒருவரும் முறையில் எழுதித் தருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். நான் வேலையை விடுவதற்கு முதல் வருஷம் என் மனைவி இறந்தாள். அதுவும் கடல் அடங்கியிருந்த நாள். வாசலில் படகுக்காரர்கள் நின்றிருப்பார்கள். நான் கொம்பனிக்குப் போன் எடுக்கவில்லை. எடுக்கத் தேவை இருக்கவில்லை.

விடிய நசீர் மெசினில் நின்றான். யோகன் ஒரு பகுதி ஆட்களோடு என் வீட்டுக்கு வந்தான். பந்தல் போட்டார்கள், கதிரை இறக்கினார்கள். பத்து மணிக்குப் பிறகு யோகன் எழும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் நசீர் மற்ற ஆட்களோடு வந்தான். வந்து என் பக்கத்தில் இருந்தான். ஒரு படகும் ஐஸ் இல்லாமல் மறிபடவில்லை என்று மட்டும் சொன்னான். நான் ஓம் என்றேன்.

கொம்பனியிலிருந்து வந்து போனவர்களை எண்ணினேன். பழக்கம்.

ஒன்பது.